மாலை எந்தப் பிரிண்டருக்கு?

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பிள்ளைகளுக்கு ‘நாளைக்குக் கண்டிப்பா கொண்டு போகணும்’ என்பது ஞாபகம் வரும். நேற்றும் வந்தது. ஒரே ஒரு பக்கம். பிரிண்டர் என் முழங்கைக்குப் பக்கத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. திரையைப் பார்த்தால், ‘ஆஃப்லைன்’. யார் ஆஃப்லைன்? கை நீட்டினால் தொட்டுவிடலாமே!

இதற்கு நிரந்தரத் தீர்வு ஒன்று இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வீட்டில் இருப்பது ஒரு பிரிண்டர். பட்டியலில் அதே பெயரில் நான்கு. நளவெண்பாவில் தமயந்திக்கும் இந்தக் கதிதான். நாலு தேவர்கள் நளன் வேஷத்தில் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அவளுக்கு அடையாளம் கிடைத்தது. நிஜ நளனுக்குக் கண் இமைத்தது, மாலை வாடியது, கால் தரையில் பட்டது. எனக்கு என்ன கிடைக்கிறது? நாலும் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன.

இந்திரன் டீஃபால்ட் டிக்கோடு கம்பீரமாக இருக்கிறான். போன மாதம் வரை அவன்தான் நளன். கரண்ட் போய் வந்ததும் ரௌட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் இன்னும் காலி செய்த வீட்டின் கதவையே தட்டுகிறது. ‘காப்பி 1’ அக்கினி, யூஎஸ்பி கேபிள் காலத்து ஆசாமி. கேபிள் போய்விட்டது, பெயர் போகவில்லை. எமன் என் மனைவியின் கம்ப்யூட்டர் வழியாக ஷேர் ஆகிறவன். அது விழித்திருந்தால்தான் இவனுக்கு உயிர். அது தூங்குகிறது, மனைவியும்தான். ஒரு பக்கத்துக்காக இரண்டில் எதையும் எழுப்ப எனக்குத் தைரியம் இல்லை. வருணன் ‘காப்பி 2’. கடைசி அப்டேட்டுக்குப் பிறகு என் லேப்டாப் சொந்த வீட்டு வைஃபையை ‘பப்ளிக் நெட்வொர்க்’ என்று முடிவு கட்டி யாரோடும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. நடுவில் ‘ஃபேக்ஸ்’ என்றொருவன். சுயம்வரத்துக்குக் கலிகூட நேரம் கழித்துத்தான் வந்தான். இவன் அழைக்காமலே முதல் வரிசையில். யாரய்யா இன்னும் வீட்டிலிருந்து ஃபேக்ஸ் அனுப்புகிறீர்கள்?

நிஜ நளன் பட்டியலிலேயே இல்லை.

சரி, எதையோ அமுக்கி, வராமல், ரத்து செய்தால் வரிசையில் ‘டெலீட்டிங்’ என்று நிற்கும். விடியும்வரை நிற்கும். ஸ்பூலரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் போகும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். பிரிண்டர் வாங்கியவனுக்கு இந்தப் பாடமெல்லாம் எதற்கு?

முன்பு இவ்வளவு மோசமில்லை என்றும் சொல்ல முடியாது. 2009-ல் விண்டோஸ் 7-ஓடு ‘ஹோம்குரூப்’ வந்தது. ஒரு பாஸ்வேர்டு, வீடு முழுக்கப் பிரிண்டர். ஜனங்கள் பழகி முடித்தார்கள், 2018-ல் எடுத்துவிட்டார்கள். 2021-ல் ஸ்பூலரில் பெரிய ஓட்டை இருப்பது தெரிந்து, ‘பிரிண்ட்நைட்மேர்’ என்று பெயர் சூட்டி அடைத்தார்கள். அடைத்த வேகத்தில் ஊரெங்கும் ஒழுங்காக ஷேர் ஆகிக்கொண்டிருந்த பிரிண்டர்கள் பலவும் வாயடைத்துப் போயின. திருடனும் வரமாட்டான், வீட்டுக்காரனும் வரமுடியாது.

அந்த நிரந்தரத் தீர்வு? ரௌட்டருக்குள் போய், பிரிண்டருக்கென்று ஒரே ஐபி முகவரியை ஒதுக்கிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. ரௌட்டரின் பாஸ்வேர்டு, நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பிக்குத்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.