கூச்சம் குடிமாறிய கதை

1984-ல் கல்யாணமான நாலாம் நாள், சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினோம். இரண்டு பேர் உட்காரும் சீட்டு. நடுவில் மாமியார் கொடுத்துவிட்ட முறுக்கு டின். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் அவள் என்மேல் சாய்வாள், அடுத்ததில் நான் அவள்மேல். நிமிர்ந்ததும் இரண்டு பேரும் மும்முரமாகக் குரங்கு பார்ப்போம். ஏரியில், "சேர்ந்து நடுவுல உக்காருங்க, படகு சாயுது" என்று படகுக்காரர் அதட்டும்வரை ஆளுக்கொரு ஓரம். அதற்குப் பெயர் கூச்சம்.

போன கோடையில் பேரனோடு மறுபடி போனோம். வளைவுகள் அதே 20. முதல் வளைவில் என் தோளில் சாய்ந்தவள் ஏரி வரும்வரை நிமிரவில்லை. குறட்டை.

கூச்சம் எங்களை விட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை, குடிமாறியிருந்தது. லேடீஸ் சீட் காட்சிமுனையில், ஏறக்குறைய 5,000 அடி உயரத்து வெயிலில், சேலத்தைப் பார்க்க விடாமல் கண் கூசியது. கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பியை வாயில் வைத்தேன். கடைவாய்ப் பல் கூசியது. கண்ணுக்கும் பல்லுக்கும் உள்ளங்காலுக்கும் புதுமாப்பிள்ளைக்கும் தமிழ் ஒரே சொல்லைக் கொடுத்து, இடம் பார்த்துப் புரிந்துகொள் என்று விட்டுவிட்டது. பொய் சொன்னால் நாக்குகூடக் கூச வேண்டும். (என்னுடையது பழகிய நாக்கு.)

காப்பித் தோட்ட வேலியோரம் பேரன் தொட்டாற்சுருங்கியைச் சீண்டிக்கொண்டிருந்தான். இலைக்காம்பின் அடியிலுள்ள செல்களிலிருந்து தண்ணீர் சட்டென்று வெளியேறுவதால்தான் இலை மடங்குகிறது என்றேன். தீங்கில்லாத சீண்டல் திரும்பத் திரும்ப வந்தால் செடி அதற்குப் பழகி, சுருங்குவதைக் குறைத்துக்கொள்ளும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள் இவள்.

ஊர் திரும்பியதும் பல் டாக்டர். ஈறு இறங்கிவிட்டதாம்; எனாமலும் தேய்ந்து, உள்ளே உள்ள நுண்குழாய்கள் திறந்து கிடக்கின்றனவாம். சூடோ குளிரோ பட்டால் அந்த வழியாக நரம்புக்குத் தெரிந்துவிடுகிறது. கூச்சம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம்போல. "சாருக்கு ரொம்ப சென்சிடிவிட்டி" என்றார்.

இவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவருக்கா? வேற யாரோட எக்ஸ்ரேவாச்சும் மாறிடுச்சா பாருங்க டாக்டர்."