நொச்சித் திணையில் ஒரு கடுவன்

ஆய்வு எல்லை

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை, தனக்கென மணல் தட்டு ஒன்று இருக்கவும், அதை விடுத்துச் சோபாவின் முதுகிலும் சன்னல் திரையிலும் பீரோவின் ஓரத்திலும் சிறுநீர் பீய்ச்சுவது ஏன் என்பதே இக்கட்டுரை ஆயும் பொருள். சென்னை அடுக்ககம் ஒன்றின் தரைத்தள வீடு ஆய்வுக்களம். நிதி நல்கை எதுவும் கிடைக்கவில்லை. துணி துவைக்கும் செலவு முழுவதும் ஆய்வாளருடையது.

முன்னோர் கூற்று

தொல்காப்பிய மரபியல், வெருகு என்னும் பூனையின் பிள்ளையைக் கீரி, எலி, அணில் ஆகியவற்றின் பிள்ளைகளோடு சேர்த்துக் குட்டி என்று வழங்க இசைவு தருகிறது. அக்குட்டி வளர்ந்து கடுவன், அதாவது ஆண்பூனை, ஆனபின் என்ன செய்யும் என்பதில் நூலும் மௌனம், உரையாசிரியர்களும் மௌனம். அவர்கள் வீட்டில் சோபா இல்லாதது காரணமாகலாம்.

ஏட்டில் இல்லாததை வாய்மொழி மரபு இட்டு நிரப்புகிறது. களத்தில் மூன்று கட்சிகள் உள. "நேத்து மீன் வாங்கல, அதான் பழி வாங்குது" என்பது பாட்டி கட்சி. "திமிரு சார், ரெண்டு சாத்து சாத்துங்க" என்பது மேல்வீட்டுக்காரர் கட்சி. "அதுக்கு மனசு சரியில்லப்பா" என்பது கல்லூரிக்குப் போகும் மகளின் கட்சி. இவற்றுள் எது தேறும் என்பது பின்னர் விளங்கும்.

வகை

பூனைச் சிறுநீர் இருவகைப்படும்: கழிப்பது, பீய்ச்சுவது. குந்தி உட்கார்ந்து, தரை, பாய், மெத்தை ஆகியவற்றில் குளமாகப் போவது கழித்தல். நின்றபடியே வாலை நட்டுக்குத்தாகத் தூக்கி, அதன் நுனி நடுநடுங்க, சுவரிலோ கதவிலோ கொஞ்சமாகத் தெளிப்பது பீய்ச்சல். கண்ட இடத்தில் கழித்தால் மணல் தட்டின்மேல் குறையிருக்கும், அல்லது உடம்பில் நோயிருக்கும். பீய்ச்சலோ ஓர் அறிவிப்பு.

கொஞ்சம்தானே, நாற்றம் மட்டும் ஏன் இத்தனை எனின், கூறுதும். பூனைச் சிறுநீரில் ஃபெலினைன் என்னும் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் உண்டு. அது உருவாகக் காக்ஸின் என்ற புரதம் துணைசெய்கிறது என்று ஜப்பானின் மசாவோ மியாசாகி குழுவினர் 2006-இல் காட்டினர். கருத்தடை அறுவை செய்யப்படாத கடுவனிடம் இரண்டும் மிகுதி. ஃபெலினைன் சிதையச் சிதையக் கந்தக நெடி கிளம்பும். ஆகவே நேற்றைய கறை இன்று கூடுதலாக நாறுவது மனப்பிரமை அன்று என்க.

திணை

வீட்டுக்குள் நிகழ்வதால் இது அகத்திணை என்பாரும் உளர். களச்சான்று அதை மறுக்கிறது. இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் காய்ந்த சிறுநீர் ஒளிரும். கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் சிறு விளக்கே போதும். அவ்வாறு பார்த்ததில் கறைகள் பெரும்பாலும் பால்கனிக் கதவு, சன்னல் திரை, வாசற்கதவு ஆகியவற்றையே சூழ்ந்திருந்தன. எதிரே மதில்மேல் மாலைதோறும் தெருக்கடுவன் ஒன்று வந்து அமர்வதும் தெரியவந்தது.

கோட்டையை வளைப்போன் உழிஞை சூடுவான், உள்ளிருந்து காப்போன் நொச்சி சூடுவான் எனப் புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கிறது. மதில்மேல் இருப்பவன் உழிஞையான். கண்ணாடிக்கு இப்பால் நின்று அவனை எட்ட இயலாத நம் பூனை நொச்சியான். எனவே இது புறத்திணை.

அற்றேல், தெருப்பூனையே எட்டிப் பாராத வீட்டிலும் இது நிகழ்கிறதே எனின், அவை இத்திணையின் துறைகள். புதுப் பூனை வரவு, புதுக் குழந்தை வரவு, விருந்தாளியின் பெட்டி, வெள்ளையடிப்பு, வீடு மாற்றம் ஆகிய ஒவ்வொன்றிலும் வீட்டின் வாசனை குலைகிறது. குலைந்த இடத்தில் தன் வாசனையைப் பூசிப் பூனை மனம் தேறுகிறது. பழியும் திமிரும் இதில் இல்லை. மகளின் கட்சியே தேறியது. தெருக்கடுவனுக்கு மதில்மேல் மீன்தலை வைத்து வந்தவர் பாட்டியே என்பதும் இவ்வாய்வின் துணை முடிபு.

விலக்கு

அடித்தல் ஆகாது. அச்சம் கூடும், அதனோடு பீய்ச்சலும் கூடும். கருப்புப் பினாயில் ஆகாது. அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. மிதித்த பாதத்தை நக்கினாலே நஞ்சாகும். கறைமேல் ப்ளீச்சிங் பவுடரும் ஆகாது. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுப்புகை எழும்.

விதி

முதலில் கால்நடை மருத்துவர். பூனை அடிக்கடி குந்தி முக்கினாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, கத்தினாலோ அது ஆய்வுக்குரியதன்று, அவசரம். ஆண்பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகும்.

அடுத்து அறுவை. அதன்பின் பத்தில் ஒன்பது கடுவன்கள் அளவில் பீய்ச்சல் நிற்கும் அல்லது குறையும். எனினும் பருவம் எய்துமுன் அறுவை செய்தவற்றிலும் ஆணில் சுமார் 10 விழுக்காடும் பெண்ணில் சுமார் 5 விழுக்காடும் பீய்ச்சும் என அமெரிக்கக் கால்நடை அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1984-இல் கண்டார். பெண்பூனை பீய்ச்சாது என்னும் கோட்பாடு இதனால் விழும்.

மூன்றாவது, முற்றுகையை விலக்குதல். சன்னலின் கீழ்ப்பாதியில் ஒளிபுகும், உருத்தெரியாத தாளை ஒட்டுக. மீன்தலையை வேறு தெருவுக்கு மாற்றுக. மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும்.

நான்காவது, கறை நீக்கல். யூரிக் அமிலப் படிகம் நீரில் எளிதில் கரையாது. சோப்பு போட்டுக் கழுவினால் நாற்றம் போனதுபோல் இருந்து, ஐப்பசி மழையின் ஈரத்தில் மீண்டும் எழும். நொதி கலந்த துப்புரவுத் திரவமே அதைச் சிதைக்கும். கழுவிய இடத்தில் உணவுக் கிண்ணத்தை வைக்கலாம். பூனையின் கன்னத்தை மெல்லிய துணியால் துடைத்து அத்துணியை அங்கே தேய்க்கவும் செய்யலாம். தன் கன்னம் உரசிய இடத்தில் பூனை பீய்ச்சுவது அரிது.

முடிபு

இத்தனையும் செய்தபின்னும் பூனை உடனே திருந்திவிடாது. வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். பொறுமை இழந்து அதைத் தெருவில் விட்டுவிடுவோம் என்ற கருத்தை இவ்வாய்வு ஏற்கவில்லை. விட்டால், அது அடுத்த வீட்டு மதில்மேல் ஏறி உழிஞை சூடும்.