கோதுமை நாட்டில் ஓர் அரிசி அடுமனை

பாகெத் எனப்படும் நீண்ட ரொட்டியைச் சுடும் கைத்திறனை யுனெஸ்கோ 2022-இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே, மரபு ரொட்டியில் எவை சேரலாம் என்பதை 1993-ஆம் ஆண்டின் அரசாணையால் வரையறுத்த பிரான்சின் தலைநகரில், கோதுமையே நுழையாத அடுமனை இயங்குவது இன்னும் மதத்துரோகமாக அறிவிக்கப்படாதது வியப்பே.

கோதுமை, பார்லி முதலியவற்றில் இருந்துகொண்டு பிசைந்த மாவுக்கு இழுவைத் தன்மை அளிக்கும் புரதம் குளூட்டன். அதனால் சிறுகுடலின் உட்சுவர் சிதையும் சீலியாக் நோய் நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கு உண்டு என்பதாலும், பறந்து படியும் மாவுத்தூளே அவருக்குத் தீங்காகலாம் என்பதாலும் (ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமைத் தாண்டினால் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற பெயரை ஐரோப்பிய விதி மறுத்துவிடும்), தனி அடுமனை தேவைதான். எனினும் அங்கு வரிசையில் நிற்போருள் நோயாளியை அடையாளம் காண்பது எளிது: அவர் மூலப்பொருள் பட்டியலை இருமுறை வாசித்து, அடுப்பைப் பற்றியும் விசாரிப்பார்; நோயற்றவரோ தமது விரதத்தின் மேன்மையைப் பின்னால் நிற்பவருக்கு விளக்கியவாறே, விலையைக் கேளாமல் வாங்கிச் செல்வார். பின்னவரின் பணப்பையும் சேர்ந்தே கடையை வாழவைப்பதால், நோயாளி அவருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டவர்.

அரிசிதானே என நம்பி, அதே நகரின் லா ஷப்பல் பகுதியிலுள்ள ஈழத்தமிழர் உணவகங்களுக்குச் செல்லும் நோயாளியும் விசாரித்தே உண்ண வேண்டும்: இடியாப்ப மாவில் அவித்த கோதுமை மாவைக் கலப்பதும், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவைச் சேர்ப்பதும் பரவலான வழக்கம்.