கிச்சாப் போத்தலும் குளுக்கோமீட்டரும்

ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவரைக்கும் நம் ஆட்களில் யாருக்கும் இனிப்புநீர் கிடையாது என்பது என் அண்ணியின் கட்சி. தோட்டத்து ஆட்கள் இப்போது குடியிருக்கிற டெங்கிலில் இந்தக் கட்சிக்கு உறுப்பினர்கள் அதிகம். விடியுமுன் எழுந்து பால் வெட்டினோம், காண்டா தூக்கினோம், மேடு பள்ளம் ஏறி இறங்கினோம், நோய் அண்டவில்லை. அடுக்குமாடிக்கு வந்தோம், ஆளுக்கொரு மாத்திரை டப்பா வந்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஓய்வுபெற்ற மிஸ்ஸி. வாழ்நாளில் பாதியைக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அரசாங்க ஆஸ்பத்திரி வார்டுகளில் கழித்தவள். அந்தக் கட்சியில் சேர எனக்குத் தகுதியில்லை.

இல்லாத அந்த நோயை எப்படித் தேடினோம் என்று சொல்கிறேன். அறுபதுகளில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் அதற்கு ஒரே வழிதான்: மூத்திரத்தைக் கொதிக்க வைப்பது. அப்பாயியின் மூத்திரத்தைக் கழுவிய கிச்சாப் போத்தலில் எடுத்துக்கொண்டு நான்தான் போவேன். டிரஸ்ஸர் ஐயா சோதனைக் குழாயில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசலை ஊற்றுவார். அதில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கின்மேல் சாய்த்துப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருப்பார். குழாயின் வாய் என் முகத்துக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வார். நீலம் நீலமாகவே நின்றால் பிழைத்தோம். பச்சை வந்தால் கொஞ்சம், மஞ்சள் வந்தால் இன்னும் கொஞ்சம். ஆரஞ்சைத் தாண்டிச் செங்கல் நிறத்துக்குப் போனால் கஜாங் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. போத்தலைச் சரியாகக் கழுவாவிட்டால் கிச்சாப்பில் இருக்கிற சர்க்கரைக்கே நிறம் மாறும். அப்படி நோயாளியானவர்களும் இரண்டொருவர் இருந்திருப்பார்கள்.

அந்தச் சோதனையும் எல்லாருக்கும் கிடையாது. கால் புண் ஆறாதவர், உடம்பு இளைத்துக்கொண்டே போகிறவர், கொல்லைப்புறத்தில் எறும்பு மொய்க்கிறது என்று பெண்டாட்டி சொல்லிக் கேட்டவர், இவர்களோடு சரி. அதிலும் ஒரு சங்கதி உண்டு. மூத்திரத்தில் சர்க்கரை இறங்க வேண்டுமென்றால் ரத்தத்தில் அது ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஆரோக்கியசாலிகள். பலர் செத்தபிறகும் ஆரோக்கியசாலிகள்.

எங்கள் பக்கத்துப் பெரிய தோட்டம் பிராங் பெசார். முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்த ஆங்கிலேயர்கள் 1921-இல் திறந்தது. அங்கே தேர்ந்தெடுத்து வளர்த்த பிபி 86 ரப்பர் ரகம் இந்த நாடு முழுக்க நடப்பட்டது. அதே 1921-இல், அதே போரில் காயம்பட்டுத் திரும்பிய ஃபிரெடரிக் பேண்டிங், டொரோண்டோவில் சார்ல்ஸ் பெஸ்டுடன் சேர்ந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு ஊசி போட்டார்கள், பிழைத்தான். ஒரே போரிலிருந்து வந்த இரண்டு சரக்கில் ரப்பர் எங்களை உடனே வந்து பிடித்துக்கொண்டது. இன்சுலின் சாவகாசமாக வந்தது.

வந்தபிறகும் அதன் கதை வேறு. எங்கள் லயத்தில் ஒரு கங்காணித் தாத்தா இருந்தார். சுத்த சைவம், முட்டை பொரித்த சட்டியைக்கூடத் தொடமாட்டார். தினமும் காலையில் பெரட்டு கலைந்ததும் டிஸ்பென்சரி வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். கண்ணாடிச் சிரிஞ்சு கொதிநீரில் கிடக்கும். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டுவதுண்டு. அன்றைய இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்தது. மனித இன்சுலினைப் பாக்டீரியாவிடம் செய்யச் சொல்லி விற்பனைக்குக் கொண்டுவந்தது 1982-இல்தான். டிரஸ்ஸர் ஐயாவுக்கு விஷயம் தெரியும். தாத்தாவின் பக்தியையும் உயிரையும் ஒருசேரக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த மருந்து, வாயை மூடிக்கொண்டிருப்பது.

அப்பாயிக்கு ஒரு நாள் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பலகைக் கட்டிலில் போட்டார்கள். வாத எண்ணெய் தேய்த்தார்கள். புறா ரத்தம் பூசினால் கை எழும்பும் என்றார் ஒருவர், புறாவும் வந்தது. ஆட்களுக்குக் குறைவே இல்லை. சித்திகள், மருமகள்கள், அடுத்த வீட்டுக்காரிகள் என்று ஷிஃப்ட் போட்டதுபோல் ஆள் மாறி ஆள் உட்கார்ந்தார்கள். முதுகு புண்ணாகவில்லை என்றால் அதற்கு மருந்து காரணமில்லை. யாராவது ஒருத்தி வந்து, "இப்படித் திரும்பிப் படு ஆத்தா" என்று புரட்டிக்கொண்டே இருந்ததுதான் காரணம். வார்டில் இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைத் திருப்பு என்று எனக்குப் பிற்பாடு பாடம் நடத்தினார்கள். எங்கள் லயத்தில் பாடமில்லாமலே நடந்த காரியம் அது.

அதே கைகள்தாம் அப்பாயியை மல்லாக்கப் படுக்கவைத்துக் கஞ்சியும் ஊற்றின. பக்கவாதத்தில் தொண்டையும் வாதப்படும். விழுங்குவது உணவுக்குழாயில் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கும். நிமிர்த்தி உட்காரவைத்து, தண்ணீரையும் கெட்டியாக்கி, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். அது யாருக்குத் தெரியும்? நெஞ்சில் சளி கட்டி அப்பாயி போய்ச் சேர்ந்தார். நோய்நொடி இல்லாமல் வாழ்ந்தவர் என்று காரியத்தன்று எல்லாரும் சொன்னார்கள். அன்பு ஊட்டிய கஞ்சிதான் கொன்றது என்று எந்த மரணச் சான்றிதழிலும் எழுதமாட்டார்கள்.

1995-இல் புத்ராஜெயா கட்டத் தொடங்கினார்கள். பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, கெலவே தோட்டத்து மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு பக்கம் விமான நிலையம், ஒரு பக்கம் சைபர்ஜெயா, ஒரு பக்கம் அரசாங்கமே. பால்மரம் நின்ற இடத்தில் ஏரி வெட்டினார்கள், மாளிகை கட்டினார்கள், ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். யாருக்கும் இனிப்புநீர் இல்லாதிருந்த அந்த மண்ணில் இன்று நிற்கிற புத்ராஜெயா மருத்துவமனை, நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கு, அதாவது முக்கியமாக இனிப்புநீருக்கு, நாடே தேடி வருகிற இடம்.

டெங்கிலிலிருந்து அங்கே போக அரை மணிகூட ஆகாது. மூன்றாவது மாடியிலிருந்து அண்ணியைக் கீழே இறக்கத்தான் நேரம் பிடிக்கும். அண்ணிக்கு நீண்டநாள் இனிப்புநீர், மேலே பக்கவாதம், இடது கையும் காலும் உதவாது. லிப்ட் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு இளவட்டங்கள் தூக்க வேண்டும். இளவட்டங்கள் எல்லாரும் கிராப் ஓட்டப் போயிருப்பார்கள். அதனால் கிளினிக் தேதி அவர்களுடைய ஓய்வு நாளைப் பொறுத்தது.

ஆனால் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள், ஒரு குட்டி வார்டே இருக்கிறது. கைப்பேசியோடு பேசுகிற குளுக்கோமீட்டர். பேனா வடிவத்தில் இன்சுலின். ரத்த அழுத்தம் பார்க்க ஒன்று, ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்ட ஒன்று. இரவும் பகலும் உறுமுகிற காற்று மெத்தை. அந்த மெத்தை வந்தபிறகு அண்ணியைப் புரட்டிப்போடுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். அதுதான் தானாக ஏறி இறங்குகிறதே! குதிகாலில் புண் வந்தபோது மெத்தைக்காரரிடம் புகார் கொடுக்கலாமா என்று கேட்டான் அண்ணன் மகன். காற்று மெத்தை புரட்டுகிறவருக்கு உதவி செய்யும், புரட்டுகிறவர் வேலையைச் செய்யாது. முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் தினம் ஒருமுறை விளக்கைப் போட்டுக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். இதற்கு இன்னும் ஆப் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அண்ணன் மகனே கூப்பிட்டான்.

"அத்தே, அம்மாவுக்கு மறுபடியும் வாய் இழுத்துக்கிச்சு. பேச்சு குழறுது. ஸ்ட்ரோக்குதான்! ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"கூப்பிடு. கூப்பிட்டுக்கிட்டே விரல்ல குத்து."

இதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிரார்த்தனை தொடங்கிவிட்டது. தாய்லாந்தில் சுற்றுலாவில் இருந்த மாமா ஒருவர் கந்த சஷ்டி கவசத்தை அனுப்பியிருந்தார். விரலில் குத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நான் சொல்லித்தான் குத்தினார்கள். ரெண்டு பாயிண்ட் மூணு. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. மூளைக்குச் சர்க்கரை போதாவிட்டால் அது பக்கவாதத்தை அப்படியே நடித்துக் காட்டும். ஏற்கெனவே வாதம் வந்த பக்கம் என்றால் நடிப்பு இன்னும் தத்ரூபமாக இருக்கும். நடந்தது இதுதான்: ஏழு மணிக்கு ஊசி போட்டாயிற்று, தோசை வாங்கப் போனவன் கடையில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான்.

"மூணு டீஸ்பூன் சீனியைக் கரைச்சு, நிமிர்த்தி உட்காரவச்சு, கொஞ்சங் கொஞ்சமா குடு. முழுங்குறாங்களான்னு பாரு. முழுங்கலைன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதே."

"அத்தே, வீட்ல சீனியே இல்ல!"

ஆம். இனிப்புநீர்க்காரர் இருக்கிற வீடாயிற்றே. சர்க்கரையில்லாத பிஸ்கட் இருந்தது, சர்க்கரையில்லாத மைலோ இருந்தது, சர்க்கரைக்குப் பதில் போடுகிற துளிகள் ஒரு போத்தல் இருந்தது. உயிர் காக்க மூன்று கரண்டி நிஜச் சீனி இல்லை. அண்ணியின் மருமகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். மக்சிக் என்ன ஏதென்று கேட்காமல் ஒரு குவளை ரோஸ் சிரப்பைக் கொடுத்தார். கரண்டியில் ஊட்டினார்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்தியபோது ஐந்தைத் தாண்டியிருந்தது, வாயும் நேராகியிருந்தது. அண்ணியின் முதல் கேள்வி: "தோசை எங்கடா?"

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் முதலில் 999. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். விரலில் குத்துவது ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் செய்கிற காரியம், ஆம்புலன்ஸுக்குப் பதில் இல்லை.

கீழ்மாடியில் ஓர் ஐயாவுக்கு இனிப்புநீரும் உண்டு, பார்க்கின்சன் நடுக்கமும் உண்டு. நடுக்கத்துக்கான லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், மணி தப்பாமல் கொடுக்க வேண்டும். தாமதமானால் ஐயா நின்ற இடத்தில் உறைந்துவிடுவார். இன்சுலினோ சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு போட வேண்டியது. இரண்டையும் எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு வெவ்வேறு ஆஸ்பத்திரி நிபுணர்கள். அவர்கள் இருவரும் சந்திக்கிற ஒரே இடம் ஐயாவின் பெண்டாட்டி சுவரில் ஒட்டியிருக்கிற நாள்காட்டித் தாள். தோட்டத்துப் பள்ளியிலும் டவுனிலும் கொஞ்சம் படித்த அந்த அம்மா போட்ட அட்டவணையில் எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை.

கால் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தோம், ஆணி குத்தினால் அலறினோம். அலறல் நல்லது. இனிப்புநீரில் நரம்பு மரத்தவருக்கு அலறல் வராது. தைப்பூசம் முடிந்த வாரம் வார்டில் பார்த்திருக்கிறேன்: வெயில் காய்ந்த தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து, பத்துமலையின் 272 படியும் ஏறி இறங்கி, ஒன்றுமே வலிக்கவில்லை, முருகன் அருள் என்று சிரித்துக்கொண்டு வருவார்கள். உள்ளங்காலைத் திருப்பினால் முழுக்கக் கொப்புளம். முருகன்மேல் எனக்கும் பக்தி உண்டு. அந்த அருளில் பாதி நரம்புச் சேதம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியரில் 31.4. நாடு முழுக்க உள்ள அந்த 18.3-இல் 9.4 பேருக்குத்தான் தங்களுக்கு இருப்பது முன்பே தெரியும். மீதி 8.9 பேர் சோதனை செய்த அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் அதுவரை என் அண்ணியின் கட்சியில் இருந்தார்கள். 2023 ஆய்வில் நாட்டு மொத்தம் 15.6-ஆக இறங்கியிருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

உதவி இல்லை என்று சொல்லமாட்டேன். படுத்த படுக்கையானவர்களைப் பார்க்கச் சுகாதார கிளினிக் மிஸ்ஸிகளே வீடு தேடி வருகிறார்கள். மூக்குக் குழாய், மூத்திரக் குழாய் மாற்றுகிறார்கள், வீட்டாருக்குக் கற்றும் கொடுக்கிறார்கள். படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சமூக நல இலாகா தகுதியுள்ளவர்களுக்கு மாத உதவித்தொகை தருகிறது. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996-இல் தொடங்கிய நாசாம் சங்கம் பயிற்சி கொடுக்கிறது. எல்லாம் விண்ணப்பித்தால் கிடைக்கும். விண்ணப்பிக்க வெளியே போனால் அண்ணியை யார் பார்ப்பது என்பதுதான் மருமகளின் கேள்வி. விமான நிலையத்தில் பார்த்த வேலையை அவள் விட்டுவிட்டாள். அவள் செய்வது முழு நேர நர்ஸ் வேலை. சம்பளம், லீவு, இரவு அலவன்ஸ் எதுவும் கிடையாது. என் காலத்தில் இந்த வார்டை ஒரே ஆளிடம் விட்டிருந்தால் யூனியன் சும்மா இருந்திருக்காது.

மாமியாருக்கு நாள் தவறாமல் குத்துகிற அவள் தன் விரலில் குத்திப் பார்த்ததே இல்லை. தாய் தகப்பன் இருவருக்கும் இனிப்புநீர், நாற்பதைத் தாண்டியாயிற்று, தூக்கம் கெட்டு உடம்பும் பருத்துவிட்டது. போன மாதம் நானே அவள் கையைப் பிடித்துக் குத்தினேன். வெறும் வயிற்றில் 8.4, இருக்கக்கூடாத அளவு.

உங்கள் வீட்டிலும் ஒருவர் படுத்திருந்தால், அவரைப் பார்த்துக்கொள்கிறவரை இந்த வாரம் சுகாதார கிளினிக்குக்கு அனுப்பிவையுங்கள். அவர் திரும்பி வரும்வரை நோயாளியின் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். கிளினிக்கில் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டச் சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்.