தலைக்கு எவ்வளவு?

ஆரம்ப சுகாதார நிலையத்தின் திறனை அளக்கச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. சம்பளம், மருந்து, கரண்ட் பில் எல்லாவற்றையும் கூட்டி, வந்த நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை குறைந்தால் திறமை. ஆக, டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே மாத்திரை எழுதினால் செலவு இறங்கும். "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டுத் தொலைத்தால் ஏறும்.

இந்தக் கணக்குக்குப் பெரிய எதிரி கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி; அங்கே இருப்பவர் இவர்தான். அந்த அம்மா வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, ஒரு குழந்தை விடாமல் தடுப்பூசி போடவைத்து, ஊருக்குள் தட்டம்மையே வராமல் செய்துவிடுகிறார். வராத அம்மைக்கு ஓ.பி. சீட்டு ஏது? கூட்டம் குறைகிறது, தலைக்குச் செலவு எகிறுகிறது, விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது. பக்கத்து வட்டாரத்தில் காய்ச்சல் அமோகம். வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. எக்செல் தாளில் அவர்களுக்குப் பச்சைக் கட்டம்.

2021இல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. தாத்தாவுக்கு பஸ் காசும் அரைநாள் கூலியும் மிச்சம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எதிலும் இல்லை, அது அவர் பணம்தானே, அரசாங்கப் பணமா என்ன?