கிளட்சுக்கு ஏங்கற காலுக்கு அப்பிச்சி சொல்ற புத்தி

வா கண்ணு, இப்படித் திண்ணைல உக்காரு. உன்ற கார்ல இருக்கற ஆட்டோமேட்டிக் கியர் பொட்டியக் கழட்டிப் போட்டுட்டு, கையால கியர் மாத்தற பொட்டிய மாட்டப் போறயாமா. என்ற மக நேத்துப் பொழுதோட வந்து பொலம்புனா. நானு அவளத்தான் சத்தம் போட்டேன். பையன் ஒரு நல்ல காரியம் பண்றப்ப குறுக்க நிக்கறயேன்னு.

பின்ன என்ன? கூடக் காசு குடுத்து, எடது காலுக்கு வேலையே இல்லாத வண்டிய வாங்குன. இப்ப மறுக்காக் காசு குடுத்து அந்த வேலையத் திருப்பி வாங்கப் போற. காசு குடுத்து சொகத்த வாங்கறவன் ஊருக்கு ஊரு இருக்கறான். காசு குடுத்து வலிய வாங்கறதுக்கு ஒரு நெஞ்சு வேணும். அப்படி ஒருத்தன் என்ற மக வயித்துல பொறந்திருக்கான்னா எனக்குப் பெருமைதான்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. எதுக்கு மாத்தறயாம்? கூட்டாளிக எல்லாம் 'இது பொம்மை வண்டி, ஆம்பள ஓட்டற வண்டியா'ன்னு சிரிச்சாங்களாமா? நீயும் ஆமா, பொம்மைதான்னு ஒத்துக்கிட்டயாமா? நாயந்தான். அமெரிக்காக்காரனுக்கு அது தெரியாமப் போச்சு பாரு. ஜெனரல் மோட்டார்ஸ்காரன் 1940-ம் வருச மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்ல ஹைட்ராமேட்டிக்குன்னு ஒரு ஆட்டோமேட்டிக் பொட்டிய வெச்சு வித்தான். ரண்டாம் உலக யுத்தம் வந்ததும் அதே பொட்டியக் கொண்டுபோயி எம்5 ஸ்டூவர்ட் டாங்கிக்குள்ள வெச்சுட்டான். ஒரு டாங்கிக்கு ரண்டு காடிலாக் எஞ்சின், ரண்டு ஹைட்ராமேட்டிக். குண்டு விழுகற எடத்துல கிளட்ச் மிதிக்காம ஓட்டுன அந்தச் சிப்பாய்க, பொறப்படறதுக்கு முன்னால உன்ற கூட்டாளிககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கோணும். ஏன் அப்படிப் பாக்கற? யூடியூப்பு உனக்கு மட்டுந்தான் ஓடுமா?

சரி, முடிவு பண்ணிட்ட. என்னென்ன வேணும்னு குறிச்சுக்க.

பொட்டிய எறக்குனா டார்க் கன்வெர்ட்டரும் கூடவே வந்துரும். எஞ்சின் சுத்தறத ஆயில் வழியாப் பொட்டிக்குக் கடத்தறது அதுதான். அது போனா, அத எஞ்சினோட புடிச்சு வெச்சிருந்த மெல்லிசுத் தகடு, ஃப்ளெக்ஸ் பிளேட், அதுக்கும் சோலி இல்ல. அந்த எடத்துல கனமான ஃப்ளைவீல் ஏறோணும். அது மேல கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். இதையெல்லாம் அமுக்கறதுக்குக் கிளட்ச் பெடல். உன்ற வண்டில இருக்கறது ரண்டே பெடல். அதனால பெடல் கூட்டையே மாத்தோணும். பெடல்ல இருந்து கிளட்சுக்குக் கேபிளோ, ஆயில் சிலிண்டரோ, அந்த மாடலுக்கு எதுவோ அது. அப்பறம் கியர் லீவர், அதோட கேபிளுக, பொட்டி உக்கார்ற மவுண்ட். முன்சக்கரத்துக்குப் போற ஆக்ஸில் நீளம் ஒத்து வரலீன்னா அதையும் மாத்தோணும். கியர் ஆயில் ஆறறதுக்கு ரேடியேட்டருக்குப் போற பைப்புகள அடைக்கோணும். பல்லுப் புடுங்கப் போனவன் தாடையக் கழட்டிட்டு வந்த கதைதான், ஆனா நீ பயப்படற ஆளா?

இதெல்லாம் ஒவ்வொண்ணா வாங்கறதுக்கு மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போனயின்னா, கழட்டுன சாமான் மலையாட்டம் குமிஞ்சிருக்கும். ஆனா பொட்டி ஒரு வருச மாடலும், கேபிள் இன்னொரு வருச மாடலும் வாங்கிட்டு வந்து நிப்ப. கெட்டிக்காரன் அப்படிப் பண்ண மாட்டான். அதே மாடல், அதே எஞ்சின், கை கியர் வண்டி, எங்கயாச்சும் அடிபட்டுக் கெடக்கறதப் பாத்து முழுசா வாங்கிருவான். போல்ட்டு நட்டு வரைக்கும் அதுலயே கெடைக்கும். அப்பறம் நம்ம வாசல்ல ரண்டு காரு நிக்கும். ரண்டும் ஓடாது. ஆனா பொண்ணு குடுக்க வர்றவங்க ரண்டு காரு நிக்கறதத்தான பாப்பாங்க?

இது வரைக்கும் ஸ்பானர் வேலை. இனிமேத்தான் கம்ப்யூட்டர் வேலை. ஆட்டோமேட்டிக் வண்டி P-லயோ N-லயோ இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆகும். அதுக்குன்னு பொட்டில ஒரு சுவிட்ச் இருக்குது. பொட்டியத் தூக்கிட்டா அந்த சுவிட்சும் போச்சு, சாவியத் திருகுனா சத்தமே வராது. மெக்கானிக்கு ஒயர ஒண்ணா முறுக்கி விட்டுருவான். அப்பறம் கியர்ல இருக்கறப்பவே சாவியத் திருகுனா வண்டி செவுத்தப் பாத்துத் தாவும். எஞ்சின் கம்ப்யூட்டரு வேற, ஆட்டோ பொட்டி எங்க, பதிலே காணமேன்னு தேடித் தேடி டேஷ்போர்டுல லைட்டு எரிய விட்டுட்டே இருக்கும். கை கியர் வண்டி கம்ப்யூட்டர மாட்டிக்கலாம். மாட்டுனா உன்ற சாவிய அது திருடன் சாவின்னு நெனைக்கும். சாவிக்கும் அதுக்கும் மறுக்கா கோடிங் போடோணும்.

எல்லாம் முடிஞ்சு ரோட்டுக்கு வந்தயின்னா சட்டம் நிக்குது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ம் பிரிவு. கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா ஆர்சி புக்கு விவரம் போற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில கேரளா வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. அதே வருசம் கொண்டு வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம சாமான் மாட்டி மாத்துனா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லீன்னா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ரண்டும் சேந்தும் வரலாம். எங்கயாச்சும் இடிச்சுட்டு இன்சூரன்ஸ் கேட்டயின்னா, வர்ற சர்வேயர் குனிஞ்சு மொத மொத எண்றது பெடலத்தான். கம்பெனி குடுத்த விவரத்துல ஆட்டோமேட்டிக்கு, கால்கிட்ட மூணு பெடல். அவருக்கு அன்னிக்கு வேலை சுளுவு.

இப்ப சித்த நேரம் கேலி இல்லாமச் சொல்றேன், கேளு.

வண்டி இழுக்கல, மந்தமா இருக்குதுன்னு சொன்னயல்ல? மொதல்ல கியர் ஆயில் என்ன நெறம்னு பாரு. புதுசா ஊத்தறப்ப பெரும்பாலும் செவப்பா இருக்கும். கறுத்து, தீஞ்ச வாடை அடிச்சா பொட்டிமேல குத்தம் சொல்றதுக்கு முன்னால ஒரு நல்ல கடைல காட்டு. லாரியத் தாண்டறப்ப ஆக்சிலேட்டர முழுசா மிதி. கீழ் கியர் தானா வந்து விழுகும். வால்பாறைல இருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு எறங்கறப்ப D-லயே விட்டுட்டு பிரேக்கக் காய்ச்சாத. D-க்குக் கீழ 2, L-ன்னு எழுத்து இருக்கறது அதுக்குத்தான். எஞ்சினே வண்டியப் புடிச்சு எறக்கும். கையால கியர் மாத்தற ஆசை அதுலயே பாதி தீந்துரும்.

இந்தப் பொட்டி மாத்தற வேலைக்கு நாயமான காரணமும் இல்லாம இல்ல. ஆட்டோ பொட்டி செத்துப் போயி, அதச் சரி பண்ற செலவு வண்டி வெலையத் தாண்டி, அதே மாடல் கை கியர் பொட்டி சல்லிசா ஆப்படறப்ப, வெளிநாட்டுல பழைய வண்டிகளுக்குப் பண்றாங்க. பந்தயத்துக்கு ஓட்டறவனும் பண்றான். உன்ற பொட்டி நல்லாருக்குது. செத்தது உன்ற ரோசம் மட்டுந்தான். 2014-ல மாருதி செலேரியோல வந்துதே ஏஎம்டி, அந்த மாதிரி வண்டின்னாலும் ஒரு கணக்கு இருக்குது. அதுக்குள்ள இருக்கறதே கை கியர் பொட்டியும் கிளட்சும்தான். நம்ம காலுக்குப் பதிலா மெசினு மிதிக்குது. உன்றது அதுவும் இல்ல.

அதனால கணக்குப் போட்டா வழி ஒண்ணுதான். இத வித்துட்டு, அதே காசுல ஒரு கை கியர் வண்டிய வாங்கு. ஆசை தீரக் கிளட்ச் மிதி. அவினாசி ரோட்டு நெரிசல்ல ஒரு சாயங்காலம் அரைக் கிளட்ச்ல நின்னு பாரு, ஆம்பளத்தனம் முட்டி வழியா ஏறும். லாரி ஓட்டுன காலத்துல எனக்கும் அப்படித்தான் ஏறுச்சு. இன்னும் எறங்கல, படி ஏறறப்ப எல்லாம் தெரியுது.

விக்கறதுக்கு அலையாத. வாங்கற ஆளப் பாத்தாச்சு. எடது கால் சொன்ன பேச்சுக் கேக்காத ஒரு கெழவன், வாரா வாரம் சந்தைக்குப் போகோணும், அவனுக்கு ரண்டு பெடலே சாஸ்தி. எங்கயின்னு தேடாத, உன்ற முன்னாலதான் உக்காந்திருக்கறேன். வெல மட்டும் பேசி முடிச்சுக்கலாம். பொம்மை வண்டின்னு நீயே ஒத்துக்கிட்ட பாரு, அதனால பொம்மை வெலதான் தருவேன்.