13 அடிச் சுவர்

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் அரசு ஓர் உத்தரவாதம் கொடுத்தது. ஆதார் தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் உள்ள சுவர்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன என்றார் அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால். திருடன் ஏணியும் கடப்பாரையும் தூக்கிக்கொண்டு வருவான் என்று நினைத்திருக்கிறார்கள், பாவம்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 'தி டிரிப்யூன்' நாளிதழின் நிருபர் ஒருவர் ஏணி இல்லாமலே ஏறிக் காட்டியிருந்தார். செலவு 500 ரூபாய். நேரம் 10 நிமிடம். ஏஜெண்ட் ஒருவன் கொடுத்த லாகினைப் போட்டு எந்த ஆதார் எண்ணைத் தட்டினாலும் பெயர், முகவரி, படம், போன் நம்பர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆதார் ஆணையம் என்ன செய்தது? எதுவுமே கசியவில்லை என்றது. கசியாத ஒன்றைப் பற்றி எழுதியவர் பெயரையும் சேர்த்து போலீஸில் வழக்கு. ஓட்டையைக் காட்டிய விரலுக்கு எஃப்.ஐ.ஆர்.

சரி, சுவர் இருக்கட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் நாம் நிற்கிறோம், கையில் ஜெராக்ஸோடு. சிம் கார்டுக்கு ஒரு காப்பி. வாடகை வீட்டுக்கு ஒரு காப்பி. லாட்ஜில் ஒரு ராத்திரி தலைசாய்க்க ஒரு காப்பி, அதுவும் முன்பக்கம் பின்பக்கம். வேறு அட்டை தரட்டுமா என்று கேட்டால் ரிசப்ஷன் தம்பி நம்மைத் தேடப்படும் குற்றவாளி போலப் பார்க்கிறான். தனியார் கம்பெனிகள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட ஆதார் சட்டத்தின் 57-வது பிரிவை அந்த அளவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே ரத்து செய்துவிட்டது. விடுவார்களா? அடுத்த ஆண்டே சட்டத் திருத்தம். சிம்முக்கும் வங்கிக்கும் 'விரும்பினால்' ஆதார் கொடுக்கலாமாம். ஏதாவது ஒரு கவுண்டரில் போய் நின்று பாருங்கள். விருப்பம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

2022 மே 27 அன்று ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகத்துக்கு ஞானோதயம் வந்தது. ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்துவார்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் அட்டையைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. மே 29 அன்று எச்சரிக்கை வாபஸ். மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்களாம். வழக்கமான கவனத்தோடு நடந்துகொண்டால் போதுமாம். உண்மைக்கு ஆயுள் இரண்டே நாள்.

இந்த அரசுதான் நமக்கு வகுப்பெடுத்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பா எப்படி இருக்கிறார் என்று தங்கைக்குப் போன் போட்டாலும், மணியடிப்பதற்கு முன் காலர் ட்யூனாக ஓர் உபதேசக் குரல். ஓடிபி சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே, தெரியாதவனை நம்பாதே. உபதேசத்தின் பலன் என்ன? 2023-ல் சைபர் மோசடியில் இந்தியர்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-ல் 22,845 கோடி. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. ஒரே ஆண்டில் நாட்டில் முட்டாள்கள் மூன்று மடங்காகப் பெருகிவிட்டார்கள் என்று நாம் நம்ப வேண்டும்.

மோசடிக்காரன் போன் செய்யும்போதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். எந்த வங்கியில் கணக்கு என்று அவனுக்குத் தெரியும். எந்தக் கார்டு என்று தெரியும். இதையெல்லாம் நீங்களா அவனிடம் சொன்னீர்கள்? நீங்கள் சொன்னது ஓடிபி மட்டும். மிச்சத்தையெல்லாம் சொன்னவனுக்கு எந்தக் காலர் ட்யூனும் கிடையாது.

இனி சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது மத்திய அரசு. தன் உடம்பின் மீதே குடிமகனுக்கு முழு உரிமை என்பது கட்டுக்கதை என்றுகூட 2017-ல் அதன் வழக்கறிஞர் சொன்னார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 24-ல் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் உரிமைதான் என்றார்கள். வேறு வழியில்லாமல் ஆறு ஆண்டு கழித்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு விதிகள் வர மேலும் இரண்டு ஆண்டு. 2025 நவம்பரில் வந்தன. நம் தகவலைக் கம்பெனிகள் எப்படிக் காக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவுகளுக்கு அதற்கும் மேலே 18 மாத அவகாசம். மூச்சு வாங்க வேண்டாமா?

ஆனால் புகார்களை விசாரிக்கும் வாரியத்தை அமைக்கும் பிரிவுகளோடு இன்னொன்றும் உடனே அமலுக்கு வந்தது. பிரிவு 44(3). அது காப்பது உங்களையும் அல்ல, என்னையும் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை அது வெட்டுகிறது. பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத சொந்த விஷயம் என்றாலோ, தேவையில்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தில் நுழைவது என்றாலோதான் முன்பு தகவல் மறுக்க முடிந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரியும் இருந்தது. அந்த வரி போயிற்று. இப்போது 'தனிநபர் தகவல்' என்று ஒரு சொல் போதும். நூறு நாள் வேலையில் செத்தவர் பெயரில் கூலி வாங்கியது யார்? தனிநபர் தகவல். அதிகாரியின் பட்டம் அசலா? தனிநபர் தகவல். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று 8(2) இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. அதிகாரி மனது வைத்தால் கொடுப்பார், அவரைப் பற்றியே கேட்டிருந்தாலும். அந்தரங்கம் என்று ஒன்றே கிடையாது என்று கோர்ட்டில் நின்றவர்கள், அதே அந்தரங்கத்தைக் கல்லாக அடுக்கிக் கோப்புகளைச் சுற்றி 13 அடிச் சுவர் கட்டிவிட்டார்கள்.

தகவலைக் கோட்டைவிடும் கம்பெனிக்கு 250 கோடி வரை அபராதம் என்று மார்தட்டுவார்கள். அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். பறிகொடுத்தவருக்குப் பைசா இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் நஷ்டஈடு கேட்க ஒரு வழி உண்டு. அதையும் இந்தச் சட்டமே நீக்கச் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் எழுதி ஓர் அறிவிக்கை போட்டால், மத்திய அரசு விரும்பும் அரசு அமைப்புக்கு இந்தச் சட்டமே பொருந்தாது.

குடிமகனை மட்டும் மறக்கவில்லை. அவனுக்கும் கடமைகள் எழுதியிருக்கிறார்கள். பொய்ப் புகாரோ அற்பப் புகாரோ கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். எது அற்பம் என்பதை மத்திய அரசு நியமிக்கும் வாரியம் முடிவு செய்யும். ஆகவே, உங்கள் தகவல் எங்கேயாவது கசிந்தால் தயங்காமல் புகார் எழுதுங்கள். பத்தாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு எழுதுங்கள்.